செங்கல்பட்டு – மாமல்லபுரம் கடற்கரையின் மழைப்பருவங்கள்

செங்கல்பட்டு மாவட்டமும் அதன் கிழக்கு எல்லையான மாமல்லபுரம் கடற்கரையும் தமக்கான ஆண்டு மழையில் பாதிக்கும் மேற்பட்டதை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெறுகின்றன. இந்தியாவின் பெரும்பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழையே முதன்மையான மழை. இக்கடற்கரைக்கோ வங்காள விரிகுடாவிலிருந்து வரும் வடகிழக்குப் பருவமழையே முதன்மையானது. இந்த வகையில் இப்பகுதியின் மழைமுறை, கேரளத்தையோ வட இந்தியாவையோ விட, கடலுக்கு அப்பால் உள்ள இலங்கைத் தீவின் வடக்கு, கிழக்குப் பகுதிகளோடு கூடுதலாக ஒத்துப்போகிறது. மூன்று மாத மழையைச் சேமித்து ஆண்டு முழுவதும் பயன்படுத்த வேண்டும் என்ற தேவையே இங்குள்ள ஏரிகளையும் பயிர்ப் பருவங்களையும் குடிநீர் ஏற்பாடுகளையும் வடிவமைத்துள்ளது.

அமைவிடம்

செங்கல்பட்டு மாவட்டம், காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019 நவம்பர் 29 அன்று தொடங்கப்பட்டது. முட்டுக்காடு, கோவளம், நெம்மேலி, மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம் ஆகியவை இதன் கடலோர ஊர்கள். பாலாறு, கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூருக்கு அருகில் கடலில் கலக்கிறது.

இக்கடற்கரை ஏறத்தாழ வடக்கு–தெற்காக நீண்டு கிழக்கு நோக்கி அமைந்துள்ளது. கரையை ஒட்டி மணல்மேடுகளும், அவற்றுக்குப் பின்னால் பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழிகளும் உள்ளன. அதற்கும் மேற்கே சமநிலமும் வண்டலூர், செங்கல்பட்டுப் பகுதிகளில் உள்ள சிறு குன்றுகளும் காணப்படுகின்றன. ஈரக்காற்றைத் தடுத்து மேலெழுப்பக்கூடிய உயர்ந்த மலைத்தொடர் எதுவும் கடற்கரை அருகில் இல்லை. ஆகவே இங்கு மழை பெய்வதற்கு மலையின் உதவி கிடைப்பதில்லை. கடலில் தோன்றும் மேகக் கூட்டங்களும் காற்றழுத்தத் தாழ்வுகளுமே மழையைக் கொண்டுவர வேண்டும்.

ஆண்டின் நான்கு பருவங்கள்

வானிலை ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் ஆண்டை நான்கு பருவங்களாகப் பிரிக்கின்றனர்.

குளிர்காலம் (ஜனவரி, பிப்ரவரி): இரவில் பனி பெய்யும். வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். மழை மிகக் குறைவு.

கோடைக்காலம் (மார்ச் முதல் மே வரை): வெப்பம் படிப்படியாக ஏறி, மே மாதத்தில் கத்திரி வெயில் என்று மக்கள் சொல்லும் உச்சத்தை அடையும். கடலிலிருந்து பிற்பகலில் வீசும் காற்று கரையோர ஊர்களின் வெப்பத்தைச் சற்றுத் தணிக்கும். எப்போதாவது ஒரு கோடை மழை பெய்யும்.

தென்மேற்குப் பருவக்காலம் (ஜூன் முதல் செப்டம்பர் வரை): அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலெழுந்து, மலையின் மேற்குப் பக்கத்திலேயே பெருமளவு மழையைக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் காற்று வறண்டதாக இருக்கும். ஆயினும் செங்கல்பட்டுப் பகுதி இப்பருவத்தில் முற்றிலும் வறண்டு போவதில்லை. பகல் வெயிலில் தரை சூடேறி, பிற்பகலில் நுழையும் கடற்காற்று மேற்குக் காற்றைச் சந்திக்கும்போது இடிமேகங்கள் உருவாகின்றன. உள்மாவட்டங்களில் மாலையில் தோன்றும் இம்மேகங்கள் கிழக்கு நோக்கி நகர்ந்து, இரவில் கடற்கரையை அடைவது வழக்கம். ஆடி, ஆவணி மாத இரவுகளில் திடீரென்று இடியுடன் பெய்து ஓயும் மழை இவ்வகையைச் சேர்ந்தது.

வடகிழக்குப் பருவக்காலம் (அக்டோபர் முதல் டிசம்பர் வரை): இதுவே இப்பகுதியின் முதன்மையான மழைக்காலம். தமிழ்நாட்டின் கடலோர மாவட்டங்கள் ஆண்டு மழையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டையும், உள்மாவட்டங்கள் 40 முதல் 50 விழுக்காட்டையும் இப்பருவத்தில் பெறுகின்றன.

பழந்தமிழர் ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தனர். இதில் ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த கூதிர்காலம் வடகிழக்குப் பருவத்தின் மையப் பகுதியோடு பொருந்துகிறது. ஐப்பசி மழையை அடைமழை என்றும், வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றை வாடை என்றும், கிழக்கிலிருந்து வரும் மழைக்காற்றைக் கொண்டல் என்றும் அழைப்பது பழைய வழக்கு.

வடகிழக்குப் பருவமழை உருவாகும் விதம்

செப்டம்பர் இறுதியில் சூரியன் நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே செல்கிறது. ஆசியாவின் நிலப்பரப்பு விரைவாகக் குளிர்ந்து அங்கு காற்றழுத்தம் உயர்கிறது. மெதுவாகக் குளிரும் கடல் வெப்பமாகவே இருப்பதால் அதன்மீது அழுத்தம் குறைவாக இருக்கிறது. காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி, அதாவது வடகிழக்கிலிருந்து தென்மேற்கு நோக்கி வீசத் தொடங்குகிறது.

இக்காற்று நிலத்தின்மேல் இருக்கும்வரை வறண்டதுதான். வங்காள விரிகுடாவின் வெதுவெதுப்பான நீரின்மேல் நெடுந்தொலைவு பயணம் செய்யும்போது அது ஈரத்தைச் சேர்த்துக்கொண்டு தமிழகக் கரையை அடைகிறது. இதே காலத்தில், வட, தென் அரைக்கோளக் காற்றுகள் சந்திக்கும் மேகப் பட்டையும் தெற்கே இறங்கித் தென் வங்கக்கடலின் மேல் நிற்கிறது. இந்தப் பட்டையில்தான் பெரும்பாலான காற்றழுத்தத் தாழ்வுகள் தோன்றுகின்றன.

தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் இயல்பான தேதி அக்டோபர் 20 ஆகும். தென்மேற்குப் பருவமழை விலகியிருப்பது, கடற்கரையில் கீழைக்காற்று நிலைபெறுவது, பரவலாக மழை பெய்வது ஆகியவற்றைக் கொண்டு இந்திய வானிலை ஆய்வுத் துறை தொடக்கத்தை அறிவிக்கிறது.

மழை பெய்யும் விதம்

பருவமழை மூன்று மாதமும் இடைவிடாமல் பெய்வதில்லை. சில நாள் கனத்த மழை, பின்னர் ஒரு வாரமோ அதற்கு மேலோ வெயில், மீண்டும் மழை என்று அலை அலையாக வரும். கிழக்கிலிருந்து நகர்ந்து வரும் காற்றலைகள், தாழ்வுப் பகுதிகள், தாழ்வு மண்டலங்கள், புயல்கள் ஆகியவை ஒவ்வொரு சுற்று மழைக்கும் காரணமாகின்றன. எனவே ஆண்டின் மொத்த மழையில் பெரும்பங்கு ஒரு சில நாட்களில் பெய்துவிடுவது இப்பகுதியின் இயல்பு.

மழை இரவின் பிற்பகுதியிலும் விடியற்காலையிலும் கடற்கரையில் வலுப்பதைப் பல நாட்களில் காணலாம். இரவில் தரை குளிர்ந்து, கரையிலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று வீசும். அது கடலிலிருந்து வரும் ஈரமான கீழைக்காற்றைச் சந்திக்கும் இடத்தில் காற்று மேலெழுந்து மேகம் திரள்கிறது. இத்தகைய மழை கரையோர ஊர்களை நனைத்துவிட்டு, சில கிலோமீட்டர் உள்ளே செல்லும்போதே குறைந்துவிடுவதும் உண்டு.

வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில், 24 மணி நேரத்தில் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால் அது மழைநாள். 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 மி.மீ. முதல் மிக கனமழை, 204.4 மி.மீ.க்கு மேல் அதிகனமழை. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 1 செ.மீ. மழை பெய்தால் அங்கு விழும் நீர் 1 கோடி லிட்டர். செய்திகளில் வரும் சென்டிமீட்டர் எண்களை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் அவற்றின் பொருள் தெளிவாகும்.

புயல் கரையைக் கடக்கும் இடம் முக்கியமானது. வட அரைக்கோளத்தில் புயற்காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. ஆகவே கிழக்குக் கரையைக் கடக்கும் புயலின் வடபுறத்தில் காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசும். கடல்நீர் உயர்ந்து உட்புகுவதும் அந்தப் பக்கத்தில்தான். மாண்டஸ் புயல் 2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாமல்லபுரத்துக்கு அருகில் கரையைக் கடந்தது. மழையின் அளவைத் தீர்மானிப்பதில் புயலின் வலிமையைவிட அதன் வேகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் இப்பகுதியில் கரையைக் கடக்கவில்லை. ஆந்திரத்தின் பாபட்லா அருகேதான் கடந்தது. ஆனால் வடதமிழகக் கரையை ஒட்டி மெதுவாக நகர்ந்ததால் சென்னையிலும் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் பெருவெள்ளம் ஏற்பட்டது.

ஆண்டுக்கு ஆண்டு மாறும் மழை

வடகிழக்குப் பருவமழை, தென்மேற்குப் பருவமழையைவிட அதிகமாக ஏறி இறங்கும் தன்மை கொண்டது. அடுத்தடுத்து வந்த இரண்டு ஆண்டுகளே இதற்குச் சான்று. 2015இல் தமிழ்நாட்டில் இப்பருவமழை இயல்பைவிட 50 விழுக்காட்டுக்கும் மேல் கூடுதலாகப் பெய்தது. 2016இல் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது.

தொலைவில் உள்ள கடல்களும் இதில் பங்கு கொள்கின்றன. பசிபிக் பெருங்கடலின் நடு, கிழக்குப் பகுதிகள் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை எல் நினோ எனப்படும். எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை குறைவதும், அதற்கு மாறாகத் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை கூடுவதும் பலமுறை காணப்பட்டுள்ளன. 2015 வலுவான எல் நினோ ஆண்டு. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி கிழக்கைவிட வெப்பமாக இருக்கும் நேர்மறை இருமுனை நிலையும் இம்மழைக்கு உதவுவதாகக் கருதப்படுகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டி 30 முதல் 60 நாட்களில் கிழக்கு நோக்கிச் சுற்றிவரும் மேடன்–ஜூலியன் அலைவு இந்தியப் பெருங்கடலின்மேல் இருக்கும்போது மழைச் சுற்றுகள் வலுப்பெறுகின்றன.

இவை போக்குகளே தவிர விதிகள் அல்ல. எல் நினோவுக்கு எதிரான லா நினா நிலை 2021இல் நிலவியும், அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட மிக அதிகமாகப் பெய்தது.

அதே காற்று, வெவ்வேறு தீவுகள்

பருவக்காற்று ஒன்றே ஆனாலும் அது தரும் மழை இடத்துக்கு இடம் மாறும். இந்தியப் பெருங்கடலின் தீவுகளோடு ஒப்பிட்டால் மாமல்லபுரம் கடற்கரையின் தனித்தன்மை விளங்கும்.

இலங்கையின் நடுவே உயர்ந்த மலைநாடு உள்ளது. தென்மேற்குக் காற்று அதன் மேற்குச் சரிவுகளை நனைக்கிறது. யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு ஆகியவை அப்போது பெரும்பாலும் வறண்டிருந்து, ஆண்டின் இறுதி மாதங்களில் மழை பெறுகின்றன. அங்கு இம்மழையை நம்பிச் செய்யும் நெற்பயிர் பெரும்போகம் எனப்படும். செங்கல்பட்டில் ஏரி என்று அழைக்கப்படும் நீர்நிலையை அங்கு குளம் என்பர். கிளிநொச்சியின் இரணைமடுக் குளமும் மதுராந்தகம் ஏரியும் ஒரே வகை மழைக்கு மக்கள் கண்ட ஒரே வகை விடைகள்.

அந்தமான் தீவுகள் மே மாதத்திலிருந்து டிசம்பர் வரை இரு பருவக்காற்றுகளாலும் மழை பெறுகின்றன. அங்கு ஆண்டு மழை ஏறத்தாழ 300 செ.மீ. இலட்சத்தீவுகள் தென்மேற்குக் காற்றின் நேர்ப்பாதையில் இருந்தும், மலையற்ற தாழ்வான பவளத்தீவுகள் என்பதால், கேரளக் கரையைவிட மிகக் குறைவான மழையே பெறுகின்றன. மாலத்தீவுக்கு வடகிழக்குக் காற்று வீசும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலம் வறண்ட பருவம். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே உள்ள மொரிசியசில் தென்கிழக்குக் காற்று ஈரத்தைக் கொண்டுவருகிறது; நடுவில் உள்ள மேட்டுநிலம் மிகுந்த மழையையும், காற்றுக்கு மறைவான மேற்குக் கரை குறைந்த மழையையும் பெறுகின்றன.

ஓரிடத்தின் மழையை மூன்று கேள்விகள் தீர்மானிக்கின்றன என்பதை இவ்வொப்பீடு காட்டுகிறது: காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது? வரும் வழியில் எவ்வளவு கடலைக் கடக்கிறது? வந்து சேரும் இடத்தில் அதை மேலெழுப்ப என்ன இருக்கிறது? மாமல்லபுரத்துக்கு முதல் இரண்டும் சாதகமானவை. மூன்றாவது, அதாவது மலை, இல்லாததால் கடலில் தோன்றும் தாழ்வுகளை நம்பி இருக்க வேண்டியுள்ளது. அத்தாழ்வுகள் வழிமாறினால் மழையும் தவறிவிடும்.

மணலுக்கு அடியில் நன்னீர்

முட்டுக்காட்டிலிருந்து தெற்கே செல்லும் கரையோர நிலம், கிழக்கே கடலுக்கும் மேற்கே உப்பங்கழி, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றுக்கும் இடையில் ஒடுங்கிய மணற்பட்டையாக உள்ளது. இருபுறமும் உப்புநீர் இருப்பதால், நிலத்தடி நீரைப் பொறுத்தவரை இது ஏறக்குறைய ஒரு தீவைப் போலவே செயல்படுகிறது.

மணலில் இறங்கும் மழைநீர், எடை குறைவானது என்பதால், அடியில் உள்ள உப்புநீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது இதற்கான கணக்கு. இலட்சத்தீவு, மாலத்தீவுக் கிணறுகள் இத்தகைய நன்னீரையே நம்பியுள்ளன. கணக்கின் மறுபக்கம் ஆபத்தானது. ஆழ்துளைக் கிணறுகள் நீரை அளவுக்கு மீறி இறைத்து மேல்மட்டம் சிறிது இறங்கினாலும், அடியிலிருந்து உப்புநீர் பல மடங்கு மேலேறும். உப்பேறிய நிலத்தடி நீர் மீண்டும் நன்னீராகப் பல மழைக்காலங்கள் ஆகலாம். இதைத் தடுக்கும் நோக்கில்தான் பாலாற்றின் முகத்துவாரத்துக்கு அருகே வாயலூரில் தடுப்பணை கட்டப்பட்டுள்ளது.

ஏரிகள்: மூன்று மாத மழை, பன்னிரண்டு மாத நீர்

ஏரிகள் மிகுந்திருப்பதால் செங்கல்பட்டுக்கு ஏரி மாவட்டம் என்ற பெயர் உண்டு. நீர்வளத் துறையின் பொறுப்பில் மட்டும் இங்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ளன. ஊராட்சிகளின் பொறுப்பில் உள்ள சிற்றேரிகளும் தாங்கல்களும் இவற்றின் வேறு.

ஏரியின் அமைப்பு இம்மழைக்கென்றே உருவானது. மெல்லச் சரியும் நிலத்தில் பிறை வடிவில் கரை எழுப்பி, வரத்துக்கால் வழியே வரும் நீரைத் தேக்குவர். மதகு வழியே ஆயக்கட்டு நிலத்துக்கு நீர் பாயும். ஏரி நிறைந்தால் மிகுதி நீர் கலங்கல் வழியே வழிந்து அடுத்த ஊர் ஏரிக்குச் செல்லும். இவ்வாறு சங்கிலியாக இணைந்த ஏரிகள், ஒரே இரவில் பெய்யும் பெருமழையைப் பல ஊர்களுக்குப் பகிர்ந்து, வெள்ளத்தின் வேகத்தையும் தணிக்கின்றன. மதுராந்தகம் ஏரியின் மிகுதி நீர் கிளியாறு வழியாகப் பாலாற்றைச் சேர்கிறது.

ஏரியைக் காப்பதும் பழைய மரபே. முன்பு செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்து, இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்திரமேரூரின் 10ஆம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்ற குழுவைக் குறிப்பிடுகின்றன. மழைக்கு முன் ஊரார் கூடித் தூர்வாரிக் கரையைப் பலப்படுத்தும் முறை குடிமராமத்து எனப்பட்டது. 2017இல் தமிழ்நாடு அரசு இதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது.

சம்பா, நவரை, சொர்ணவாரி என்ற இப்பகுதியின் நெற்பருவங்களும் மழையோடு இணைந்தவை. சம்பா வடகிழக்குப் பருவமழையில் வளர்கிறது. நவரை, மழை நின்றபின் ஏரியில் நிற்கும் நீரால் விளைகிறது. கோடையில் நடும் சொர்ணவாரி கிணற்று நீரையும் எஞ்சிய ஏரி நீரையும் சார்ந்தது. வேடந்தாங்கல், கரிக்கிலி ஏரிகளுக்கு நீர்ப்பறவைகள் வருவதும் ஏரி நிறைவதைப் பொறுத்ததே. இவ்விரண்டும் 2022இல் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. மாறாக, கேளம்பாக்கம், செய்யூர்ப் பகுதி உப்பளங்களுக்கு மழைக்காலம் வேலையற்ற காலம். மழை விலகியபின்தான் பாத்திகளைச் சீரமைத்து உப்பு எடுக்க முடியும்.

வெள்ளமும் வறட்சியும்

2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. இதைக் கொண்டுவந்தது புயல் அல்ல. தென்மேற்கு வங்கக்கடலில் நிலவிய ஒரு தாழ்வு நிலையே. நவம்பர் மழையிலேயே ஏரிகள் நிறைந்திருந்தன. அடையாறு கரை புரண்டு முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளை மூழ்கடித்தது. ஏரிகளின் நீர்ப்பிடிப்பிலும் வரத்துக்கால்களிலும் வீடுகள் எழுந்திருந்ததால் நீர் தன் பழைய வழியைத் தெருக்களில் தேடிக்கொண்டது.

நான்கே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 2018இன் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததைத் தொடர்ந்து, 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் நீர் கொண்டுவரப்பட்டது. சுற்றுப்புற ஊர்களின் கிணறுகளிலிருந்து லாரிகள் நீர் ஏற்றிச் சென்றதால் அவ்வூர்களின் நிலத்தடி நீரும் குறைந்தது.

மழையைச் சாராத நீருக்காகக் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் நெம்மேலியில் 2013இல் தொடங்கப்பட்டது. அதன் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாவது நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005இல் இலட்சத்தீவின் கவரத்தியிலும் வேறொரு முறையில் இத்தகைய நிலையத்தை அமைத்தது. ஆனால் இம்முறைக்கு மின்சாரமும் பணமும் மிகுதியாகத் தேவை. நகரத்தின் குடிநீருக்கு இது உதவினாலும், ஆயக்கட்டு வயல்களுக்கு நீர் தரும் ஏரிக்கு மாற்றாகாது.

வெப்பமாகும் கடலும் நாளைய மழையும்

காற்றின் வெப்பம் 1 பாகை செல்சியசு உயர்ந்தால், அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது. இந்தியப் பெருங்கடலும் வெப்பமாகி வருகிறது. ஆகவே மழை பெய்யும்போது மிகக் கடுமையாகப் பெய்யும் வாய்ப்பு கூடுகிறது. மொத்த மழை மாறாவிட்டாலும், அது முன்னைவிடக் குறைந்த நாட்களில் பெய்தால் வெள்ளமும் வறட்சியும் ஒரே ஆண்டில் வரக்கூடும். கடல்மட்டம் உயர்வதும் மணற்பட்டையின் நன்னீரை இருபுறமும் நெருக்குகிறது. வெள்ளக் காலத்தில் முகத்துவாரங்கள் வழியே நீர் வடிவதையும் தாமதப்படுத்துகிறது.

இந்நிலையில் ஒரே ஏற்பாடு இரண்டு ஆபத்துகளையும் குறைக்கிறது. தூர்வாரிய ஏரியும் அடைபடாத வரத்துக்காலும் நவம்பரில் வெள்ளத்தைத் தாங்கும். அதே நீர் மே மாதத்தில் கிணறுகளில் ஊறும். கட்டடம் எழாத மணல்மேடு மழையை உறிஞ்சி உப்புநீரைத் தடுத்து நிறுத்தும். இக்கடற்கரையில் ஓர் ஆண்டின் நீர் சில வார மழையில் கிடைக்கிறது. அது எத்தனை சென்டிமீட்டர் என்பதைக் கடலும் காற்றும் முடிவு செய்கின்றன. அதில் எவ்வளவு நிலத்தில் தங்கும் என்பது ஏரிகளும் கால்வாய்களும் மணல்மேடுகளும் எந்த நிலையில் வைக்கப்பட்டுள்ளன என்பதைப் பொறுத்தது.